காமலாபுரம் ரன்வேயும் கடல் தாண்டிய காக்பிட்டும்

சேலத்திலிருந்து ஓமலூர் பஸ்ஸில் ஏறினால், கருப்பூர் வரை சாலையோரம் வெள்ளை வெள்ளையாக மண்மேடுகள் தெரியும். மேக்னசைட் தோண்டிய இடங்கள். பெரியார் பல்கலைக்கழகம், அரசு பொறியியல் கல்லூரி, ஓமலூர் டவுன் எல்லாம் தாண்டி, தர்மபுரி போகும் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் காமலாபுரம். தென்னை, சோளம், மரவள்ளி என்று சாதாரணமான ஓர் ஊர். காலை ஏழு மணிக்கு அங்கே நின்றால் தலைக்கு மேலே பம்புசெட் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஒற்றை எஞ்சின் குட்டி விமானம் ஒன்று வட்டமடித்து இறங்கி, ரன்வேயில் சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் மறுபடி மேலே ஏறும். இன்னொரு வட்டம், இன்னொரு தொடல். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிறவர் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.

உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்குப் பதினெட்டு, இருபது வயதுதான் இருக்கும். பக்கத்தில் பயிற்றுநர். அந்த மாணவரின் மனசில் ஓடிக்கொண்டிருப்பது இந்தக் காமலாபுரம் ரன்வே மட்டுமாக இருக்காது. துபாயோ தோஹாவோ சிங்கப்பூரோ, ஏதோ ஒரு வெளிநாட்டு விமான நிறுவனத்தின் சட்டையும் தோளில் நான்கு தங்கப் பட்டையும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

சேலம் விமான நிலையத்தின் கதை ஒரு தினுசானது. 1993-ல் திறந்தார்கள். என்.இ.பி.சி. நிறுவனம் சில காலம் சென்னைக்கு விமானம் விட்டது, நின்றுபோனது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் போனது. 2018 மார்ச் 25-ல் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. 2021-ல் அதுவும் இல்லை. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. சேலத்துக்காரர்களுக்கு விமானம் என்பது தூரத்து உறவு மாப்பிள்ளை மாதிரி. வருவார், நாலு நாள் இருப்பார், சொல்லிக்கொள்ளாமல் போய்விடுவார். வந்திருக்கும்போது பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போய் வந்துவிட வேண்டும்.

இடையில் வேறொன்று நடந்தது. விமான நிலையங்களில் ஓய்ந்து கிடக்கும் இடத்தைப் பயிற்சிப் பள்ளிகளுக்குக் கொடுக்க இந்திய விமான நிலைய ஆணையம் முடிவெடுத்தது. 2022-ல் இரண்டாம் சுற்றில் பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர் ஆகிய ஊர்களோடு சேலமும் அந்தப் பட்டியலில் வந்தது. பயணிகள் விமானம் அதிகம் வராத நிலையம் என்பது ஊருக்குக் குறை. பயிற்சிக்கு வரும் மாணவருக்கு அதுவே வசதி. பெரிய நிலையங்களில் மேலே ஏற அரை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை குறைவு.

ரன்வேயின் இரண்டு முனைகளிலும் 04, 22 என்று எழுதியிருக்கும். திசைகாட்டியில் 40 டிகிரி, 220 டிகிரி; கடைசிச் சுழியம் மட்டும் இல்லை, அவ்வளவுதான். 22-ல் கிளம்பினால் விமானத்தின் மூக்கு தென்மேற்கே இருக்கும். வலப்புறம் தூரத்தில் வெள்ளித் தட்டு மாதிரி மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. இடப்புறம் கஞ்சமலை, அதன் அடியில் இரும்பாலை. பின்னால் கிழக்கே சேர்வராயன் மலைத்தொடர். அதன் உச்சியில்தான் ஏற்காடு. முதல் நாள் மேலே போகிற மாணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. பத்தாவது நாளில் இதெல்லாம் பாடம்.

கண்ணால் பார்த்துப் பறக்கும் பயிற்சியில் மலைகள்தான் கைகாட்டி மரங்கள். இந்தச் சமவெளி அதற்கென்றே அமைந்தது போலிருக்கும். தரை தட்டையாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு குன்று தனியாக எழுந்து நிற்கும். சங்ககிரிக் கோட்டைமலை அப்படித்தான். அதற்குத் தெற்கே அர்த்தநாரீஸ்வரர் குடியிருக்கும் திருச்செங்கோட்டு மலை. இன்னும் தெற்கே நாமக்கல்லின் ஒற்றைப் பாறை, தலையில் கோட்டைச் சுவருடன். அதற்குக் கிழக்கே கொல்லிமலை. தரையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற மலை மேலிருந்து பார்த்தால் ஒரு பச்சை மேஜை. மேற்கே காவிரி பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று தெற்கு நோக்கி இறங்கி, பிறகு கிழக்கே வளைந்து பரமத்தி வேலூர், மோகனூர் வழியாகப் போகும்.

பயிற்றுநர்கள் சொல்லிக் கொடுக்கும் முதல் எச்சரிக்கை, ஒரே ஒரு மலையைப் பார்த்து நம்பிவிடாதே என்பது. மூட்டமாக இருக்கும் காலையில் எல்லாக் குன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். சங்ககிரி என்று நினைத்தால், பக்கத்தில் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்: கிளம்பி இத்தனை நிமிடத்தில் இது வந்திருக்க வேண்டுமா? மூன்றும் ஒத்துவந்தால்தான் அது சங்ககிரி.

இன்னும் சில அடையாளங்கள் எந்த வரைபடத்திலும் இருக்காது. ஜவ்வரிசி ஆலைகளின் காயப்போடும் களங்கள் வெயிலில் கண்ணைக் கூசும் வெள்ளைச் சதுரங்களாகத் தெரியும். நாமக்கல் பக்கம் போனால் கோழிப்பண்ணைகளின் நீள நீளமான கூரைகள், சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக.

வெயில் ஏறினால் பறக்க ஏற்ற நேரம் போய்விடும். பாறையும் செம்மண்ணும் சூடேறி, காற்று கொதிக்கிற பாலாக மேலே பொங்கும். சின்ன விமானம் அதில் குலுங்கும். அதனால்தான் மாணவர்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், மேலே எழும்ப ரன்வே கூடுதலாக வேண்டும். சேலத்து மே மாதத்தில் படித்த இந்தப் பாடம், 45 டிகிரியில் கொதிக்கும் வளைகுடா ரன்வேயில் இன்னொரு முறை வரும்.

விபரீதமும் இல்லாமல் இல்லை. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று, திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் கீரனூர் அருகே அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். ஊர்க்காரர்கள் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். அன்று ராத்திரி எத்தனை வீடுகளில் அம்மாக்கள் மகனுக்கோ மகளுக்கோ போன் போட்டு, “போதும், வந்துடு” என்று சொல்லியிருப்பார்களோ.

மகள் என்பதை விட்டுவிடக் கூடாது. இந்தியாவில் விமானிகளில் சுமார் 15 சதவீதம் பேர் பெண்கள். உலக அளவில் இது 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் அதை மட்டும் குறையில்லாமல் ஊட்டிவிடும்! முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும். வான்வழி அறிதல், வானிலை, விமானச் சட்டம், விமானத் தொழில்நுட்பம், ரேடியோ பேச்சு என்று தேர்வுகள். கூடவே 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று. இவ்வளவும் முடிந்தால் வணிக விமானி உரிமம் கையில் வரும். செலவு அரைக் கோடியைத் தொடும். பிறகு ஏர்பஸ்ஸோ போயிங்கோ, குறிப்பிட்ட ஒரு ரக விமானத்துக்கான பயிற்சி தனி, அதற்கும் லட்சங்கள்.

இந்தச் சமவெளியில் அரைக் கோடி என்றதும் வீட்டுத் திண்ணையில் ஒரு பேச்சு கிளம்பும். “ஏங்கண்ணு, ஏரோப்பிளேன் ஓட்டப் படிக்கிறதுக்கா இத்தன லட்சம்? அந்தக் காசுக்கு ஒரு பன்னண்டு சக்கர லாரி வாங்கி உடலாமே!” என்பார் தாத்தா. சிரிப்பாக இருந்தாலும் அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. லாரி வாங்கிய மறுநாளே லோடு ஏற்றும். ஓட்டம் சரியில்லை என்றால் விற்றுவிடலாம். உரிமத்தை விற்க முடியாது. 200 மணி நேரம் மட்டும் கையில் இருப்பவரை வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. உள்நாட்டிலும் ஆளெடுப்பு அலை மாதிரி வரும், போகும். அலை இல்லாத வருடத்தில் உரிமம் வாங்கியவர், வட்டி கட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டும். காதிலோ கண்ணிலோ இதயத்திலோ ஒரு கோளாறு வந்து மருத்துவத் தகுதி போனால், அரைக் கோடி ரூபாய் உரிமம் பீரோவில் ஒரு காகிதம்.

அப்படியும் காட்டை விற்றோ அடமானம் வைத்தோ அனுப்பத்தான் செய்கிறார்கள். நாமக்கல் ஆஞ்சநேயர் சந்நிதியில் தேங்காய் உடைத்துவிட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. 18 அடி உயரத்தில் நிற்கும் அந்த ஆஞ்சநேயருக்கு மேலே கூரை கிடையாது, வானம்தான். விமானி வீட்டுக்காரர்கள் வேண்டிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான சந்நிதி எங்கே இருக்கிறது?

வெளிநாட்டு வேலை என்பது உரிமத்துக்கு அடுத்த நாளே நடப்பதில்லை. முதலில் உள்நாட்டில் துணை விமானியாகச் சில ஆண்டுகள். 1,500 மணி நேரம் சேர்த்து, மேலும் தேர்வுகள் எழுதினால் கேப்டனாவதற்கான உயர் உரிமம். கையில் பெரிய ஜெட் விமானத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் இருக்கும்போதுதான் வளைகுடாக் கதவு திறக்கும். அங்கே போனால் இந்திய உரிமத்தைச் சரிபார்ப்பார்கள். அந்த நாட்டுச் சட்டத் தேர்வு, மருத்துவம், சிமுலேட்டர் சோதனை எல்லாம் மறுபடியும். ஆங்கிலப் பேச்சுத் திறனுக்கும் தரவரிசை உண்டு. உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி குறைந்தது நான்காம் நிலை வேண்டும்.

இங்கேயிருந்து விலகுவதும் சுலபமில்லை. 2017-ல் வந்த விதிப்படி கேப்டன் ஒரு வருடம் முன்னதாகவும், துணை விமானி ஆறு மாதம் முன்னதாகவும் வேலையை விடுவதாகச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனமும் இதை மதித்துக் காத்திருக்க வேண்டுமே! பத்திரிகையில் வருகிற சம்பளத் தொகையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு தெரியாது.

போய்ச் சேர்ந்த பிறகு வாழ்க்கை சொகுசுதான், அதில் சந்தேகம் வேண்டாம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் பங்கு, எமிரேட்ஸில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் அங்கே தங்கும் விசாவே வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் பள்ளியும் சேர்ந்து ஆட்டம் காணும். 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது வளைகுடா நிறுவனங்கள் விமானிகளையும் வீட்டுக்கு அனுப்பின. மாடியில் சாமான்களைக் கட்டிவைத்துவிட்டு, ஊருக்குப் போக விமானமும் இல்லாமல் தவித்த குடும்பங்கள் உண்டு. உள்ளூர் மட்டும் என்ன வாழ்ந்தது? 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அந்தக் காலங்களில் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தவர்களில் பலருக்கு அது ஆசை அல்ல, வீட்டுக் கடன் தவணை.

எதிர்த் திசையிலும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். 1932 அக்டோபரில் டாடாவின் முதல் தபால் விமானத்தைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்தவர் ஜே.ஆர்.டி. டாடா. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட், பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். சென்னையில் வந்திறங்கிய முதல் டாடா தபால் விமானத்தின் ஓட்டுநரே வெளிநாட்டுக்காரர்! இரண்டாயிரங்களின் நடுவில் இந்தியாவில் புதுப்புது நிறுவனங்கள் முளைத்தபோதும் கேப்டன்கள் போதவில்லை. தற்காலிக அனுமதியில் வெளிநாட்டு விமானிகள் வந்து ஓட்டினார்கள். சில வாரம் வேலை, சில வாரம் தங்கள் ஊரில் விடுப்பு என்று ஒப்பந்தம். எமிரேட்ஸ் 1985 அக்டோபர் 25-ல் தொடங்கியதே பாகிஸ்தான் நிறுவனத்திடம் வாடகைக்கு வாங்கிய விமானங்களோடுதான். எந்த நாட்டு வானமும் அந்த நாட்டுக்காரர்களை மட்டும் வைத்து ஆரம்பித்ததில்லை போலிருக்கிறது.

ஊரைவிட்டுப் போய் வண்டி ஓட்டிப் பிழைப்பது நாமக்கல்லுக்குப் புதுசா என்ன? தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர் சங்கத்தின் தலைமையிடமே நாமக்கல்தான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் அந்த ஊரின் அடையாளம். வீட்டுக்காரர் குஜராத்தில் இருக்கிறாரா ஒடிசாவில் இருக்கிறாரா என்று போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெண்கள் அங்கே மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. அவர்களுடைய ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கச் சுற்றியது போதாதென்று ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பலேறிப் போயிருக்கின்றன, கூடவே ஆட்களும். நாமக்கல் முட்டை வளைகுடாவுக்குப் போகிறது; 2025-ல் அமெரிக்காவுக்கும் போனது. ஆக, முட்டை போன திசையில் பிள்ளையும் போகிறான்.

ஒரு வித்தியாசம் உண்டு. லாரி டிரைவருக்குச் சாலையோரம் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிக்க முடியும். வருடத்துக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது, இத்தனை மணி நேரம் கட்டாய ஓய்வு என்று விமானிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. டிரைவருக்கு நடைமுறையில் அது இல்லை. ஆனால் கட்டாய ஓய்வு எங்கே கிடைக்கும்? ஏதோ ஒரு நகரத்து ஹோட்டல் அறையில், திரையை இழுத்து மூடி, பகலில் தூங்க முயன்றபடி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் சோதனை. வருடா வருடம் மருத்துவ சோதனை. வயது ஏறினால் அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அந்த அறையிலிருந்து வெளியே வரும்போதுதான் அடுத்த தவணைக்கு உத்தரவாதம்.

துபாய்க்கும் தென்னிந்தியாவுக்கும் நடுவே சுமார் நான்கு மணி நேரப் பறப்பு. நாமக்கல்லிலிருந்து காரில் சென்னை போகவே அதைவிட அதிக நேரம் ஆகும். கேட்கும்போது பக்கம்தான். ஆனால் பணிப் பட்டியல் மாதத்துக்கு முன்னால் போட்டுவிடுவார்கள். மோகனூரில் அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சு வலி என்று போன் வரும்போது மகன் வேறொரு கண்டத்தின் மேலே முப்பத்தைந்தாயிரம் அடியில் இருக்கலாம். இறங்கிப் போனைப் போட்டால்தான் செய்தி. அதற்குப் பிறகு மாற்று ஆள், விடுப்பு, திருச்சிக்கோ பெங்களூருக்கோ ஒரு சீட்டு, அங்கிருந்து டாக்ஸி. நானூறு பேரைச் சொன்ன நிமிடத்தில் கொண்டுபோய் இறக்குகிறவர், தன் வீட்டுக்கு மட்டும் தாமதமாகவே வந்து சேருவார்.

சேலத்துக்கே நேராக வந்து இறங்க முடியாதா? முடியாது. ரன்வேயின் நீளம் 1,806 மீட்டர். இறக்கைக்குக் கீழே காற்றாடி சுழலும் ஏ.டி.ஆர். விமானங்களுக்கு அது போதும். வெளிநாட்டுப் பயணத்துக்கான பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. நீட்ட வேண்டுமானால் நிலம் வேண்டும். 136 ஏக்கரில் இருக்கும் நிலையத்துக்கு மேலும் 570 ஏக்கர் எடுக்க அரசு முனைந்தபோது, காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய நான்கு கிராமத்து விவசாயிகளும் எதிர்த்து நின்றார்கள். 2018-ல், எட்டு வழிச் சாலைக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் இதுவும் நடந்தது. கிணறும் தென்னையும் கறவை மாடும் இருக்கிற பூமி. அதற்குக் கிடைக்கும் தொகையில் இதே மாதிரி இன்னொரு தோட்டம் எங்கே வாங்குவது என்பது அவர்கள் கேள்வி. தொழில் வளரும், வேலை வரும் என்பது எதிர்ப்பக்க வாதம். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாதவர்களிடம்தான் ரன்வேக்கு நிலம் கேட்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஒரு தந்தை தன் காட்டை விற்று மகனைப் பறக்க அனுப்புகிறார். அது அவராக எடுத்த முடிவு. அந்த மகன் பெரிய விமானத்தை ஓட்டிக்கொண்டு தன் மாவட்டத்திலேயே இறங்க வேண்டுமானால், இன்னொருவர் தன் காட்டைக் கொடுக்க வேண்டும். அது அவராக எடுக்கிற முடிவாக இருக்குமா என்பதுதான் சிக்கல். நான்கு ஊர்களிலும் இந்தப் பேச்சு அடங்கவில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நிலையத்துக்குள் டிக்கெட் இல்லாமல் விடமாட்டார்கள். வெளியே கிராமத்துச் சாலையிலிருந்தே குட்டி விமானங்கள் ஏறி இறங்குவது தெரியும். டிசம்பர், ஜனவரி காலைகளில் சேர்வராயன் மலை மேல் மூட்டம் விலகும் நேரம் பார்க்க அழகு. அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துத் திரும்பி, தெற்கே ராசிபுரம் வழியாக நாமக்கல் போனால் ஒரே நாளில் மலைக்கோட்டையும் ஏறிவிடலாம். கோட்டைச் சுவரிலிருந்து பார்த்தால் கீழே லாரிப் பட்டறைகள், தூரத்தில் கொல்லிமலை.

சாயங்காலம் காமலாபுரத்தில் காற்று கொஞ்சம் தணியும். வெயில் நேரத்தில் கட்டிப் போட்டிருந்த பயிற்சி விமானத்தை மாணவர் ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து சோதிக்கிறார். டயரைத் தட்டிப் பார்க்கிறார், எண்ணெய் அளவு பார்க்கிறார், இறக்கையின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே போகிறார். இன்றைக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பதிவேட்டில் 62 ஆகும். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ மரவள்ளிக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். 22-ம் எண் முனையில் எஞ்சின் சத்தம் கூடுகிறது.